மொட்டைமாடி வானம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி கேட்டவர்களின் பெயரை இந்த முறை போடவில்லை, பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன். போன முறை பெயர் வெளியான ஒருவர் வீட்டுக்குத் தெருவே நிலா பார்க்கத் திரண்டுவிட்டதாம். அவருக்கு மகிழ்ச்சிதான், வீட்டம்மாவுக்குக் காபி போட்டு மாளவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தொலைநோக்கி கேட்கிறாள். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கலாமா? – பெரம்பூர் வாசகி

அந்த 525 கண்ணில் பட்டதுமே பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள் அம்மா. அந்த எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன். குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். அதை 4 மில்லிமீட்டர் கண்வில்லையால் வகுத்தால் 175. கூடவே உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணைவில்லை ஒன்றைக் கொடுத்திருப்பார்கள், பெருக்கினால் 525. கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இருக்காது. முகப்பு வில்லை எத்தனை மில்லிமீட்டர் அகலமோ, அதன் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் எல்லை. 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்கு. நம் ஊர் புழுக்கத்தில் அதுவே நல்ல இரவுகளில்தான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் சனி ஒரு மஞ்சள் கறையாகத் தெரியும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பும் நீலமுமான வான்முகில் (நெபுலா) படங்களை உங்கள் மகளிடம் காட்டவே காட்டாதீர்கள். அவை நீண்ட நேரம் ஒளியைச் சேமித்து எடுத்த படங்கள். எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்கு அந்த நிறங்கள் வராது.

கடைக்குப் போனால் வில்லையைப் பார்க்கும் முன்னால் முக்காலியைப் பாருங்கள். குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிகளில் அடங்காவிட்டால் வேண்டாம். விலை குறைந்த தொலைநோக்கிகள் பரணுக்குப் போவதற்கு முதல் காரணம் அந்தக் கால்கள்தான்.

உங்கள் தொகைக்கு என் யோசனை: முதலில் ஒரு 10x50 பைனாகுலர். பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் வில்லை. 7x50 வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர் அகலம். தெருவிளக்கு வெளிச்சத்தில் சுருங்கிக் கிடக்கும் கண்மணிக்குள் அது முழுதாக நுழையாது. பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் நிலாவின் பெரிய பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், வியாழனை ஒட்டிய நான்கு நிலவுகள் எல்லாம் வந்துவிடும். அடுத்த ஆண்டும் ஆர்வம் குறையாமல் இருந்தால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஆறு அங்குல டாப்சோனியன் வாங்கிக் கொடுங்கள். மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும், முகப்பு வில்லைக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைத் திரட்டும் தொலைநோக்கி அது. கையால் தள்ளித் திருப்ப வேண்டும், மோட்டார் கிடையாது, கெட்டுப்போகவும் எதுவும் கிடையாது. அதைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலிலிருந்து கழித்த கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். மடத்து வேலையை விட்டுவிட்டு இதில் மூழ்கினார் என்பதால் 1967-இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்று ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டார்.

இன்னொன்று. நட்சத்திரம் அடையாளம் காணச் செயலி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் தினசரி காலண்டர் தொங்குகிறது அல்லவா? தாளில் ‘ரோகிணி’ என்று போட்டிருந்தால் அன்றிரவு நிலா ரோகிணியின் பக்கத்தில் இருக்கிறது. நிலாவுக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் மின்னுவதைத் தேடச் சொல்லுங்கள். சித்திரை, கேட்டை, மகம் எல்லாவற்றையும் இப்படியே ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம்.

எட்டு அங்குலத் தொலைநோக்கியைப் பத்திரமாக ஏ.சி. அறையில் வைத்திருக்கிறேன். மாடிக்குக் கொண்டுபோன கால் மணி நேரத்தில் எல்லாம் மங்கிவிடுகிறது. கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. – வேளச்சேரி வாசகர்

பத்திரமாக வைத்ததால் வந்த வினை. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ‘தொலைநோக்கியை வெளியே வைத்துக் குளிரவிடுங்கள்’ என்று சொல்லும். சூடான வீட்டிலிருந்து குளிர்ந்த தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். நீங்கள் 24 பாகைக் குளிரிலிருந்து ஈரம் கொழகொழவென்று நிற்கும் மாடிக்குப் போகிறீர்கள். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதுபோல உங்கள் கண்ணாடியும் கண்வில்லையும் வேர்க்கின்றன. துடைக்காதீர்கள், துடைத்தால் மறுபடி வேர்க்கும், கூடவே கீறலும் விழும். மூடியைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் முன்னதாக மாடியில் வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள்.

அந்தச் சிலந்தி வலை பூஞ்சை. பணி ஓய்வு பெறும்வரை கண் மருத்துவமனையின் மூக்குக்கண்ணாடிப் பிரிவில் இருந்தவள் நான். சென்னையில் பூஞ்சை பிடிக்காத வில்லை இல்லை என்பதை அறிந்தவள். அதற்கு வேண்டியவை ஈரம், இருட்டு, அசையாத காற்று. வாங்கிய பெட்டியும் அதன் பஞ்சு உறையும் இந்த மூன்றையும் கொடுக்கும். கண்வில்லைகளை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். நீல நிறத்ததில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது, தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை போடவே வேண்டாம். அதன் ஆவி வில்லையில் படியும்.

பெரிய கண்ணாடியைக் கழுவலாம். குழாயிலிருந்து கழற்றி, முதலில் தண்ணீரை மெல்ல ஓடவிட்டுத் தூசியைப் போக்குங்கள். பிறகு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் இழுத்து, கடைசியில் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, சரித்து நிறுத்திக் காயவிடுங்கள். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் காய்ந்தால் உப்புப் பொட்டுகள் நின்றுவிடும், அதனால்தான் வாலை வடிநீர். பூஞ்சை அலுமினியப் பூச்சையே அரித்துவிட்டிருந்தால் கழுவிப் பயனில்லை, மறுபூச்சுதான். தூசிக்காக மட்டும் கழுவாதீர்கள். கொஞ்சம் தூசி இருக்கும் கண்ணாடியில் சனியின் வளையம் அப்படியேதான் தெரியும்.

வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தொலைநோக்கித் தாங்கியான இக்வடோரியல் மவுண்ட் வாங்கினேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அமைக்கச் சொல்கிறது கையேடு. எங்கள் மாடியிலிருந்து அது தெரியவே இல்லை. – அண்ணாநகர் வாசகர்

தெரியாது. துருவ நட்சத்திரம் நிற்கும் உயரமும் ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. சென்னைக்கு 13 பாகை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒன்றேகால் முஷ்டி உயரத்தில் அண்ணாநகரில் இருப்பது பக்கத்து அடுக்குமாடிக் கட்டடம்தான்.

வடக்கைக் கண்டுபிடிக்க நட்சத்திரமே தேவையில்லை. காலண்டர் தாளில் சூரிய உதயமும் அஸ்தமனமும் போட்டிருக்கும். இரண்டுக்கும் சரிநடு நேரத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நிழலில் தரையில் கோடு போட்டுவிடுங்கள். அதுதான் தென்வடல் கோடு. பெயிண்டால் அழுத்திவிட்டால் ஆயுசுக்கும் போதும். சித்திரை நடுவிலும் ஆவணித் தொடக்கத்திலும் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலே இருக்காது. காந்த ஊசியும் உதவும். சென்னையில் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் இரண்டு பாகைகூட வேறுபாடு இல்லை. ஊசியைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். மவுண்டின் அட்சரேகை அளவுகோலை 13-இல் நிறுத்திவிட்டால் கண்ணால் பார்ப்பதற்கு அது தாராளம்.

நிறுத்த முடிந்தால்! பல மவுண்டுகள் 20 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும், இறங்கினாலும் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். வடக்குப் பக்கத்தில் ஒற்றைக் கால் வராமல், இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வரும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். நாற்பது, ஐம்பது பாகை அட்சரேகையில் வாழ்கிறவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட பொருள் இது. படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் இதற்குப் பணம் செலவழிப்பதை நான் ஆதரிப்பதில்லை.

எங்கள் மாடியில் நின்றால் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒளிமாசு வடிகட்டி வாங்கினால் சரியாகுமா? – திருவான்மியூர் வாசகி

ஆகாது. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி அலைநீளங்களின் ஒரு குறுகிய பட்டைக்குள் மட்டும் வந்தது, அதை வடிகட்ட முடிந்தது. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் எல்லா நிறத்திலும் கொட்டுகின்றன. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கண்வில்லை வாங்குங்கள்.

ஒளிமாசு தொடாதவை நிறைய உண்டு. நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள். புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் சற்று மங்கலான காஸ்டரை நூறு மடங்கில் பாருங்கள், அழகாக இரண்டாகப் பிரியும். கோள்கள் விஷயத்தில் நமக்கு அடித்த யோகம் லண்டன்காரர்களுக்குக் கிடையாது. சூரியனும் கோள்களும் நடக்கும் பாதை சென்னையில் உச்சத்தைக் கடக்கும்போது ஒருபோதும் 50 பாகைக்குக் கீழே போவதில்லை. லண்டனிலோ சில ஆண்டுகளில் சனி 15, 16 பாகை உயரத்திலேயே ஊர்ந்து போய்விடும். தாழ்வாக இருக்கும் கோளை அடர்ந்த காற்றின் வழியே பார்க்க வேண்டும், அது கொதித்துக்கொண்டே இருக்கும். நமக்கு வியாழன் பல ஆண்டுகளில் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. கழுத்து வலிக்கும், அது வேறு.

தெற்கும் நமக்கே. மாசி மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால், மேலே சிரியஸ், அதற்குக் கீழே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழுவதே இல்லை. நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: உப்புக்காற்று கண்ணாடித் தொலைநோக்கியின் பூச்சைச் சீக்கிரம் மங்கடிக்கும். பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள்.

என் கல்யாணத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். ‘தெரிகிறது’ என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எப்போது பார்க்கலாம்? – மயிலாப்பூர் வாசகி

எல்லா மணப்பெண்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். வைகாசி நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கணவரை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பது வசிட்டர். அவரை ஒட்டிய மங்கலான புள்ளி அருந்ததி. சென்னை வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு அருந்ததி பெரும்பாலும் தப்பிவிடும், பைனாகுலரில் உடனே தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் வசிட்டரே இரண்டு நட்சத்திரங்களாகப் பிரிகிறார். அருந்ததியோடு சேர்த்து மூவர். இதைப் புரோகிதரிடம் சொல்ல வேண்டாம்.

அதே இடத்தில் நின்றபடி இன்னொன்றும் செய்யுங்கள். வசிட்டரிலிருந்து தலைக்கு மேலே போய்த் தெற்கே இறங்கினால் சித்திரை நட்சத்திரம். அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி. மங்கலான பஞ்சுத் துண்டு ஒன்று பைனாகுலரில் அகப்படும். ஒமேகா செண்டாரி, ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த உருண்டைக் கூட்டம், 17,000 ஒளியாண்டு தொலைவில். வசிட்டர், சித்திரை, ஒமேகா மூன்றும் வானத்தில் ஒரே தென்வடல் கோட்டில் இருக்கின்றன, ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருகின்றன. லண்டனில் இருப்பவருக்கு ஒமேகா கிடையாது, மெல்பர்னில் இருப்பவருக்கு வசிட்டர் கிடையாது. மூன்றையும் ஒரே திரும்பலில் பார்க்க நம்மைப் போன்ற அட்சரேகை வேண்டும். ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஒமேகாவின் ஓரங்கள் தனித்தனி மணிகளாக உதிரும். என்னைக் கேட்டால் சென்னை மாடியிலிருந்து பார்க்கத் தக்கவற்றில் சனிக்கு அடுத்தது இதுதான். சில இரவுகளில் சனிக்கும் முன்னால்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு காலத்தில் வானாய்வகம் இருந்ததாமே, உண்மையா? – நுங்கம்பாக்கம் வாசகர்

உங்கள் பேட்டையிலேயேதான். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. இன்றைய வானிலை மைய வளாகத்தில் அதன் கருங்கல் தூண் நிற்கிறது, தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1861-இல் இங்கே வந்த நார்மன் போக்சன் அந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் படிகளாக அளக்க இன்றும் பயன்படும், படிக்குப் படி 2.512 மடங்கு என்ற விகிதத்தை வகுத்தவரும் அவரே. எனக்கு அவரைவிட அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி மேல்தான் ஈடுபாடு. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது தென்வானத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றால், சென்னையிலேயே 14 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. கிரீன்விச்சில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தும் அவர்கள் கண்ணில் படாது. 1899-இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்குப் போயின. இப்போது பெரிய தொலைநோக்கிகள் ஜவ்வாது மலையில் காவலூரில். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் கண்டறிந்த இடங்களில் காவலூரும் ஒன்று.

விக்ரம் லேண்டரைத் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா? – திருவல்லிக்கேணி மாணவர்

முடியாது தம்பி. ஆறு அங்குலத் தொலைநோக்கி நிலாவில் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். லேண்டர் ஒரு சிறிய அறை அளவுதான். இறங்கிய வட்டாரத்தைப் பார்க்கலாம். வளர்பிறை சஷ்டி அல்லது சப்தமியில் நிலாவின் தென்முனைப் பக்கம் மான்சினஸ் என்ற பெரிய பள்ளத்தைத் தேடு. அதன் அருகில்தான் 23 ஆகஸ்ட் 2023 அன்று இறங்கியது. பௌர்ணமியில் தேடாதே, நிழல் இல்லாமல் எல்லாம் சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும்.

கண்வில்லையில் திருகிக்கொள்ளும் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்று தொலைநோக்கியுடன் வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா? – தாம்பரம் வாசகர்

சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழு வில்லையும் திரட்டிய வெயில் அந்தச் சிறு கண்ணாடியில் குவிகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்ததே மறுநாள்தான் தெரியும். கிரகணத்துக்கு மறுநாள் மருத்துவமனைக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும், குறிபார்க்கக் குழாயின் மேல் பொருத்தியிருக்கும் சிறு துணைநோக்கியையும் மூட வேண்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடியைப் பூட்டிவிட்டார். தொலைநோக்கியால் எதிர்வீட்டைப் பார்க்கிறேனாம். – கோடம்பாக்கம் வாசகர்

வளர்பிறை அஷ்டமியன்று செயலாளரையும் அவர் பேரப்பிள்ளைகளையும் மாடிக்கு அழையுங்கள். தொலைநோக்கியில் நிலாவைக் காட்டிய பிறகு, எதிர்வீட்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். தலைகீழாகத் தெரியும். அதோடு அந்தப் பேச்சு ஓயும். சாவி வந்த கையோடு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எரியும் விளக்குக்கு ஒரு ஸ்விட்ச் போடவும் மனு கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? – அம்பத்தூர் வாசகர்

மழை விட்ட இரவுகளை விடாதீர்கள். தூசி கழுவப்பட்ட வானம் அப்போதுதான் கிடைக்கும், இரண்டு மணி நேரமே கிடைத்தாலும். மற்ற நாட்களில் குழாயின் திருகுகளை இறுக்குங்கள், கண்ணாடிகளை நேர்ப்படுத்துங்கள், சிலிக்கா ஜெல்லைக் காய வையுங்கள். கண்வில்லை டப்பாவை மட்டும் மூடாமல் விட்டுவிடாதீர்கள். வேளச்சேரிக்காரரின் சிலந்தி வலை அம்பத்தூருக்கும் வரும்.